வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்குச் சமூக ஊடகத்தைத் தொழிற்கருவியாக்குவது எப்படி? வேலூர் வட்டாரப் பயிற்றுநர்களுக்கான முழுமையான வழிகாட்டி

வேலூரிலும் காட்பாடியிலும் குடியாத்தத்திலும் மாலை வகுப்புகளுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அன்றைய வேலையை முடித்துவிட்டு நேராக வகுப்புக்கு வருகிறவர்கள். பகலெல்லாம் காலணித் தொழிற்சாலையிலோ, மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்களிலோ, ஜவுளிக்கடையிலோ, மருந்துக்கடையிலோ உழைத்துவிட்டு, டேலியோ ஆங்கிலப் பேச்சோ தொலைநிலைப் பட்டப்படிப்போ கற்றுக்கொண்டால் அடுத்த படிக்கு ஏறலாம் என்ற நம்பிக்கையில் பலகையின் முன் வந்து அமர்கிறார்கள். அநேகமாக எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கிறது. வாட்ஸ்அப்பையும் யூடியூபையும் அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனாலும், வேலை தேடும்போது மட்டும் தொழிற்சாலை வாசலில் ஒட்டிய அறிவிப்பையும் சித்தப்பாவுக்குத் தெரிந்தவரையும்தான் நாடுகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரே மாலையில் எல்லோரையும் வேலைத் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இன்னில் கணக்கு தொடங்கவைத்துவிட்டு, பெரிய காரியம் செய்துவிட்டதாக மகிழ்ந்தேன். ஒரு மாதம் கழித்துக் கேட்டபோது, பாதிப்பேருக்குக் கடவுச்சொல்லே நினைவில் இல்லை. செயலியைக் கையாளத் தெரியாதது அவர்களுடைய சிக்கல் அன்று. தங்களைப் பற்றி ஊர் அறிய எழுதுவதில் இருந்த தயக்கமே சிக்கல் என்பதும், அந்தத் தயக்கத்துக்குப் பெரும்பாலும் நியாயமான காரணம் இருந்தது என்பதும் எனக்குப் பின்னர்தான் புரிந்தது. எனவே, இந்த வழிகாட்டி தயக்கத்திலிருந்து தொடங்குகிறது. வாரத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் இதை எட்டு வாரங்களில் நடத்தி முடிக்கலாம்.

படி 1: தயக்கத்தைத் துண்டுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்

முதல் வாரம் கைபேசியைத் தொடவே வேண்டாம். ஆளுக்கொரு துண்டுச்சீட்டைக் கொடுத்து, "உங்கள் வேலையைப் பற்றி இணையத்தில் எழுதச் சொன்னால் எது உங்களைத் தடுக்கும்?" என்று கேட்டு, பெயரில்லாமல் எழுதச் சொல்லுங்கள். வாய்விட்டுக் கேட்டால் "ஒன்றுமில்லை சார், நேரம்தான் இல்லை" என்ற பதில்தான் வரும். சீட்டில்தான் உண்மை வரும்.

அநேகமாக நான்கு வகைப் பதில்களைக் காண்பீர்கள். வேறு வேலை தேடுவது முதலாளிக்குத் தெரிந்தால் இருக்கிற வேலையும் போய்விடும் என்பது ஒன்று. புகைப்படத்தைப் போட்டால் வீட்டிலோ உறவிலோ பேச்சு வரும் என்பது இரண்டாவது. இதைப் பெரும்பாலும் பெண்கள்தான் எழுதுவார்கள். ஆங்கிலம் தெரியாது என்பது மூன்றாவது. "என்னிடம் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது?" என்பது நான்காவது, எல்லாவற்றிலும் ஆழமானதும் அதுவே. இவற்றில் எதையும் மூடநம்பிக்கையாகக் கருதிச் சிரித்து ஒதுக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அமைப்பு மாற்றமோ ஒரு சிறு பழக்கமோ விடையாக இருக்கிறது. அந்த விடையைக் கொடுத்த பிறகே அடுத்ததைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

படி 2: ஏன் என்பதை அவர்கள் வாழ்க்கையிலிருந்தே காட்டுங்கள்

"இப்போது பார்க்கும் வேலை உங்களுக்கு யார் மூலம் கிடைத்தது?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, விடைகளைப் பலகையில் மூன்று கட்டங்களில் எழுதுங்கள்: வீட்டார், நெருங்கிய நண்பர், எப்போதோ அறிமுகமானவர். மூன்றாவது கட்டத்தில் விழும் கோடுகள் வகுப்பையே வியக்கவைக்கக்கூடும். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரையில் இதற்கான காரணத்தை விளக்கினார். நமக்கு நெருங்கியவர்கள் நாம் புழங்கும் அதே வட்டத்தில்தான் புழங்குகிறார்கள். ஆகவே அவர்களுக்குத் தெரிந்த செய்தி ஏறக்குறைய நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். புதிய செய்தி வேறொரு வட்டத்தில் இருப்பவரிடமிருந்துதான் வரும். லிங்க்ட்இன் பயனர்கள் சுமார் 2 கோடிப் பேரைக் கொண்டு 5 ஆண்டுகள் நடத்தப்பட்ட சோதனைகளின் முடிவு 2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. மிக நெருங்கியவரும் அல்லாத, முற்றிலும் அந்நியரும் அல்லாத, ஓரளவு அறிமுகமானவர்களே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவினார்கள் என்பதை அது காட்டியது.

இதை நம் பக்கத்துக்குப் பொருத்திச் சொல்லுங்கள். ஆம்பூரில் ஒரே லைனில் தைக்கும் நான்கு தோழிகளுக்கும் அதே நான்கு கம்பெனிகளின் நிலவரம்தான் தெரியும். மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த லைனில் சூப்பர்வைசராக இருந்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போய்விட்டவருக்கு வேறு பத்துக் கம்பெனிகளின் நிலவரம் தெரியும். அவருடைய எண் தொலைந்துபோயிருக்கும். ஆனால் அவர் பெயரைத் தேடினால் முகநூலிலோ லிங்க்ட்இன்னிலோ கிடைத்துவிட வாய்ப்பு உண்டு. சமூக ஊடகத்தால் நமக்கு ஆகக்கூடிய முதல் காரியம் இதுதான். புகழோ பின்தொடர்வோர் எண்ணிக்கையோ நமக்குத் தேவையில்லை.

படி 3: செய்த வேலையைத் தொழிலின் சொற்களில் எழுதவையுங்கள்

இந்தப் படிக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். மூன்று வாரம் ஆனாலும் தவறில்லை. மற்ற எல்லாப் படிகளும் இதன்மேல்தான் நிற்கின்றன.

இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவரை மற்றவர் பேட்டி எடுக்கச் சொல்லுங்கள். "உங்கள் திறமைகள் என்ன?" என்ற கேள்வி வேண்டவே வேண்டாம், அதைக் கேட்டால் யாரும் வாயடைத்துப்போவார்கள். "நேற்றுக் காலை வேலைக்குப் போனதும் முதலில் என்ன செய்தீர்கள்? அதற்குப் பிறகு? எந்த மெஷினில்? எத்தனை பேருக்கு? எது கெட்டுப்போனால் உங்களைக் கூப்பிடுவார்கள்?" என்று கேட்கவேண்டும். கடைசிக் கேள்விக்கான விடைதான் பெரும்பாலும் அந்த மனிதருடைய உண்மையான தகுதி.

ஒரு பெண் தன்னைப் பற்றி "ஷூ கம்பெனியில் வேலை" என்று மட்டும் எழுதியிருந்தார். பேட்டிக்குப் பிறகு அது இப்படி ஆயிற்று: "தோல் காலணித் தொழிற்சாலையில் அப்பர் (காலணியின் மேற்பகுதி) தையல் பிரிவில் 9 ஆண்டுகள். பிளாட் பெட், போஸ்ட் பெட் ஆகிய இரண்டு மெஷின்களிலும் தைப்பேன், ஸ்கைவிங் (தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்குதல்) தெரியும். கடந்த 2 ஆண்டுகளாகப் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி தருகிறேன்." பயிற்சி தருவதை அவர் ஒரு வேலையாகவே எண்ணியிருக்கவில்லை, "பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பேன், அவ்வளவுதான்" என்றார். சூப்பர்வைசர் பணிக்கு ஆள் தேடுபவர் முதலில் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான்.

லாட்ஜ்களில் வேலை செய்பவர்களைப் பொறுத்தவரை, வேலூருக்கே உரிய ஒரு செல்வம் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது. 1900இல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய சிகிச்சையிடம் வளர்ந்து, இன்று சிஎம்சி மருத்துவமனையாக மேற்கு வங்கம், வடகிழக்கு மாநிலங்கள், வங்காளதேசம் ஆகிய இடங்களிலிருந்தெல்லாம் நோயாளிகளை ஈர்க்கிறது. அவர்களோடு பேசிப் பேசியே காந்தி ரோட்டைச் சுற்றியுள்ள லாட்ஜ்களிலும் மருந்துக்கடைகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் இந்தியும் வங்காளமும் கற்றுக்கொண்டார்கள். பள்ளியில் படிக்காததால் அதை ஒரு படிப்பாகவே அவர்கள் எண்ணுவதில்லை. "லாட்ஜில் இருக்கிறேன்" என்று எழுதிய இளைஞர், வங்காளத்தில் சரளமாகப் பேசுவதையும், சி ஃபார்ம் என்று லாட்ஜ்காரர்கள் சொல்லும் வெளிநாட்டவர் பதிவுப் படிவத்தைத் தினமும் இணையத்தில் நிரப்புவதையும் நான் கேட்ட பிறகுதான் சொன்னார். சென்னையிலும் பெங்களூரிலும் வெளிமாநில, வெளிநாட்டு நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவமனைப் பிரிவுகளுக்கு இத்தகையவர்களே தேவைப்படுகிறார்கள்.

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றுப் படிக்க வருபவர்களும் நம் பகுதியில் நிறைய உண்டு. கணியம்பாடிக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைக்கிறார்கள். அவர்கள் எழுதும் பதவிப் பெயர்கள் வெளியாருக்குப் புரியாது. "ஸ்டோர் பார்த்தேன்" என்பதை "இத்தனை வகைப் பொருள்களின் இருப்பு, வரவு, வழங்கல் ஆகியவற்றுக்குப் பொறுப்பு" என்று மாற்ற உதவுங்கள்.

எழுதியது முழுவதும் உண்மையாக இருக்கவேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்பது ஆண்டைப் பத்து என்று எழுத ஒருவர் விரும்பினால், நேர்முகத்தில் கேட்கப்படும் இரண்டாவது கேள்வியிலேயே அது உடைந்துவிடும் என்பதை ஒத்திகை நடத்தியே காட்டிவிடலாம்.

படி 4: எல்லோருக்கும் ஒரே தளம் பொருந்தாது

எல்லோரையும் லிங்க்ட்இன்னில் சேர்ப்பதே நோக்கம் என்று எண்ணிவிடவேண்டாம். மருத்துவமனை, கணக்கு, மென்பொருள், தொழிற்சாலை மேற்பார்வை ஆகிய துறைகளை நோக்கிப் போகிறவர்களுக்கு அது ஏற்றது. வீட்டிலிருந்தே ரவிக்கை தைப்பவருக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்டர் எடுத்து பிரியாணி சமைப்பவருக்கும் வாட்ஸ்அப் பிசினஸ் செயலிதான் கடை. பொருள்களைப் படத்துடனும் விலையுடனும் அடுக்கிவைக்கும் கேட்டலாக் வசதி அதில் இருக்கிறது. கடை நேரத்தையும் முகவரியையும் அதிலேயே காட்டலாம். கையால் செய்து காட்டக்கூடிய வேலைகளுக்கு, அதாவது ஆரி வேலை, மெஹந்தி, மரவேலை போன்றவற்றுக்கு, இன்ஸ்டாகிராம் பொருந்தும்.

எந்தத் தளத்தைத் தேர்ந்தெடுத்தாலும், வாடிக்கையாளர்களின் பெயரையும் எண்ணையும் தனியே ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். 2020 ஜூன் மாத இறுதியில் டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது, அதில் மட்டுமே ஆள் சேர்த்திருந்தவர்கள் ஒரே நாளில் வெறுங்கையோடு நின்றார்கள்.

படி 5: கணக்கைத் தொடங்குதல்

இங்கே முதலில் முட்டுக்கட்டையாக நிற்பது பெயர். நமக்கு முன்னெழுத்துதான் வழக்கம். தளங்களோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டைக் கேட்கின்றன. ஒருவர் தந்தை பெயரை விரித்து எழுதுவார், ஒருவர் ஊர்ப்பெயரைப் போடுவார், ஒருவர் வெறும் புள்ளியை வைப்பார். சான்றிதழில் முன்னெழுத்தாகவும் கடவுச்சீட்டில் விரித்தும் இருந்தால், வெளிநாட்டு வேலையை நாடுபவர் கடவுச்சீட்டைப் பின்பற்றட்டும். மற்றவர்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதி, முன்னெழுத்தை இரண்டாம் பெயருக்கான இடத்தில் வைக்கட்டும். திருமணத்துக்குப் பிறகு முன்னெழுத்தை மாற்றிக்கொண்ட பெண்கள் இதை நிதானமாக யோசித்து முடிவெடுக்க நேரம் கொடுங்கள்.

அடுத்தது ஊர். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், ஆற்காடும் அரக்கோணமும் ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் போய்விட்டன. பழைய சான்றிதழ்களில் வேலூர் என்றே இருக்கும். ஆள் தேடுபவர் எந்தப் பெயரைத் தட்டச்சு செய்வார் என்று யோசித்து, இருப்பிடத்தில் அதைப் போடுவதே நல்லது. "காட்பாடியிலிருந்து தினமும் ரயிலில் சென்னை வரத் தயார்" என்ற ஒரு வரி, முழு முகவரியைவிட அதிகம் பயன்படும்.

லிங்க்ட்இன் தலைப்பு வரியில் 220 எழுத்துகளும், தன்னைப் பற்றிய பகுதியில் 2,600 எழுத்துகளும் இடம்பெறலாம். படி 3இல் எழுதியதைத் தமிழில் அப்படியே போட்டு, கீழே எளிய ஆங்கிலத்தில் நான்கு வரி சேர்த்தால் போதும். மெஷின் பெயர், மென்பொருள் பெயர், படிப்பின் பெயர் ஆகியவை மட்டும் ஆங்கிலத்தில் தவறாமல் இருக்கவேண்டும். தேடுபவர்கள் அவற்றை வைத்துத்தான் தேடுவார்கள். புகைப்படத்துக்கு ஸ்டூடியோ வேண்டாம், வகுப்பறைச் சன்னல் ஓரத்து வெளிச்சமே போதும். மதிப்பெண் பட்டியலையும் ஆதார் அட்டையையும் எந்தத் தளத்திலும் பொதுவில் ஏற்றக்கூடாது. அவை அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் இருக்கட்டும், வேலை உறுதியாகும் கட்டத்தில் காட்டலாம்.

படி 6: துண்டுச்சீட்டுகளுக்கு விடை சொல்லுங்கள்

இப்போது முதல் வாரச் சீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் படியுங்கள். முதலாளிக்குத் தெரிந்துவிடும் என்று எழுதியவருக்கு: லிங்க்ட்இன்னில் "வேலைக்குத் தயார்" என்பதை எல்லோருக்கும் தெரியும் பச்சை வளையமாகவும் காட்டலாம், ஆள்சேர்ப்பாளர்களுக்கு மட்டும் தெரியும்படியும் வைக்கலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாலும் தற்போதைய நிறுவனத்தாரின் கண்ணில் அறவே படாது என்று அந்தத் தளமே உறுதி தருவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மிகவும் அஞ்சுபவர் அந்தக் குறியையே போடாமல், செய்யும் வேலையை மட்டும் எழுதி வைக்கலாம். வேலையை விவரிப்பது வேலை தேடுவதாகாது.

புகைப்படத்துக்குத் தயங்கும் பெண்ணிடம் முகத்தைக் காட்டியே ஆகவேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். தைத்த ரவிக்கையின் படமோ, மெஷின்மேல் இருக்கும் கைகளின் படமோ தொடக்கத்துக்குப் போதும். வாட்ஸ்அப்பில் முகப்புப்படத்தை "என் தொடர்புகள்" என்று மாற்றவும், இரு-படிச் சரிபார்ப்பை இயக்கி ஆறு இலக்க எண் வைக்கவும், முகநூலில் பழைய பதிவுகளை நண்பர்களுக்கு மட்டும் என ஒரே சொடுக்கில் சுருக்கவும் வகுப்பிலேயே செய்யவையுங்கள். "வீட்டில் போய்ச் செய்யுங்கள்" என்று சொன்னது எதுவும் நடந்ததில்லை. ஆங்கிலம் தெரியாது என்ற சீட்டுக்குப் படி 5இலும், சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது என்ற சீட்டுக்குப் படி 3இலும் விடை கிடைத்துவிட்டதை நினைவூட்டுங்கள்.

இதே வாரத்தில் மோசடிகளைப் பற்றியும் பேசியாகவேண்டும். வேலை தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும், பெரிய மருத்துவமனையின் முத்திரையோடு கடிதம் அனுப்பினாலும், உரையாடலை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். வீடியோவுக்கு லைக் போட்டால் பணம் என்று டெலிகிராமில் வருவது, முதலில் சில நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டுப் பிறகு ஆயிரக்கணக்கில் பறிக்கும் வலை. வளைகுடாவுக்குப் போக விரும்புவோர், முகவர் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவுபெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளவேண்டும். பதிவுபெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் தவிர வேறு வாங்கக்கூடாது. பணம் பறிபோனால் தாமதிக்காமல் இணையவழிக் குற்றங்களுக்கான உதவி எண்ணாகிய 1930ஐ அழைக்கவேண்டும். எவ்வளவு விரைவாக அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம். இந்த எண்ணை எல்லோருடைய கைபேசியிலும் அப்போதே சேமிக்கவைத்துவிடுங்கள்.

படி 7: முதல் செய்தி

கணக்கு தொடங்கிய பிறகும் அசையாமல் இருப்பதற்குக் காரணம், யாரிடம் என்ன எழுதுவது என்று தெரியாததே. வாரத்துக்கு இருவர் என்று கணக்கு வையுங்கள்: பழைய சூப்பர்வைசர், கூடப் படித்தவர், ஊரை விட்டுப் போன அண்டைவீட்டார். வேலை கேட்கவேண்டாம், விவரம் கேட்டால் போதும். வேலை கேட்டால் எதிரில் இருப்பவருக்குச் சங்கடம். விவரம் கேட்டால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். என் வகுப்பில் நான் பலகையில் எழுதும் மாதிரி இது:

"வணக்கம் சார். 2021 வரை உங்கள் லைனில் தையல் பிரிவில் இருந்தேன். அப்போது நீங்கள்தான் எனக்கு போஸ்ட் பெட் மெஷினைப் பழக்கினீர்கள். இப்போது மாலையில் கணினியும் படித்துக்கொண்டிருக்கிறேன். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு மாற வேண்டுமானால் என்ன கற்றுக்கொள்ளவேண்டும் என்று உங்களுக்கு நேரம் இருக்கும்போது சொல்ல முடியுமா?"

தான் யார் என்பது, பழைய தொடர்பு, ஒரே ஒரு கேள்வி ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன. வேலை பார்க்கும் இடத்தில் சார் என்று அழைத்தவரைத் திடீரென்று அண்ணா என்று எழுதவேண்டாம். அண்ணா என்றே அழைத்துப் பழகியவருக்குச் சார் போட்டால் அதுவும் விலகலாகத் தோன்றும். பதில் வந்தால் நன்றி சொல்லவும், சொன்னதைச் செய்த பிறகு மறுபடி ஒரு வரி எழுதவும் பழக்குங்கள். இரண்டாவது செய்திதான் பெரும்பாலும் வேலையைக் கொண்டுவருகிறது.

படி 8: பதிவிடுதல்

வாரத்துக்கு ஒன்று போதும். காலை வணக்கப் படங்களும் பொன்மொழிகளும் வேண்டாம். அந்த வாரம் கற்றுக்கொண்ட ஒரு விஷயம், சரிசெய்த ஒரு பிழை, முடித்த ஒரு பொருள் ஆகியவற்றை மூன்று நான்கு வரிகளில் எழுதினால் போதும். இரண்டு எல்லைகளை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். தொழிற்சாலைக்குள் எடுத்த படத்தையும், வெளிநாட்டு பிராண்டுக்குத் தயாராகும் மாதிரிக் காலணியின் படத்தையும் போடக்கூடாது. வேலை போக அதுவே காரணமாகிவிடும். மருத்துவமனையில் பணிபுரிபவர் நோயாளியின் முகமோ பெயரோ அறிக்கையோ தெரியும் படத்தை எந்நாளும் போடக்கூடாது. முன்னாள் ராணுவத்தினர் தங்கள் படைப்பிரிவையும் பணியாற்றிய முகாம்களையும் விரிவாக எழுதாமல் இருப்பது நலம்.

முதல் பதிவுக்கு மூன்று லைக்தான் வரும். அதில் ஒன்று உங்களுடையதாக இருக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஏமாற்றம் குறையும். ஆசிரியரும் அதே வாரத்தில் தன் வேலையைப் பற்றி ஒரு பதிவு போடவேண்டும் என்பது என் கருத்து. தான் இறங்காத கிணற்றில் மாணவரை இறங்கச் சொல்ல நமக்கு முகமில்லை.

படி 9: எட்டாம் வாரம்

லைக்குகளை எண்ணவேண்டாம். எத்தனை பேரிடம் எழுதினார்கள், எத்தனை பேர் பதில் சொன்னார்கள், எத்தனை நேர்முகங்கள் அல்லது ஆர்டர்கள் வந்தன என்பதை மட்டும் ஒரு தாளில் குறிக்கச் சொல்லுங்கள். தினம் இருபது நிமிடத்துக்கு மேல் இதற்காகச் செலவிடுபவர் இருந்தால், ரீல்ஸ் பார்த்த நேரமும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள்.

என்ன சொன்னாலும் எந்தத் தளத்திலும் சேரமாட்டேன் என்பவர் ஒருவராவது இருப்பார். அவரை விட்டுவிடுங்கள், ஆனால் படி 3இல் எழுதிய குறிப்பை ஒரே பக்கத்தில் அச்செடுத்து அவர் கையில் கொடுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் முகாம்களுக்கும், தமிழ்நாடு அரசின் தனியார்துறை வேலைவாய்ப்பு இணையதளத்தில் பதிவதற்கும் அந்தப் பக்கம் உதவும். பிறகு முதல் வாரச் சீட்டுகளை மீண்டும் மேசையில் பரப்பி, எந்தெந்தத் தயக்கம் தீர்ந்தது என்று அவர்களையே பிரிக்கச் சொல்லுங்கள். தீராமல் மிஞ்சும் சீட்டுகளை ஓர் உறையில் போட்டு வைத்து, அடுத்த அணியின் முதல் வகுப்பை அவற்றைப் படித்துக்காட்டித் தொடங்குங்கள்.